திருத்தும் உரிமை யாரிடம்? விருந்தாளி இயக்குநர்களும் கார் நிக்கோபாரும்

2018 ஜூலையில் மொன்றியாலிலிருந்து வெளியாகும் ‘லெ தெவுவார்’ நாளிதழில் ஒரு திறந்த கடிதம் வந்தது. கனடாவின் பூர்வகுடிக் கலைஞர்களும் அவர்களுக்குத் துணைநின்ற பிறரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். கியூபெக்கின் புகழ்பெற்ற இயக்குநர் ராபர்ட் லெபாஜ் அப்போது பாரிஸில் ‘கனாட்டா’ என்ற நாடகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அரியான் மினூஷ்கின் தோழர்களோடு சேர்ந்து 1964இல் தொடங்கிய ‘தியாத்ர் து சொலெய்’ குழு, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தன் வரலாற்றில் முதன்முறையாக வெளியிலிருந்து வந்த ஓர் இயக்குநரிடம் தன்னை ஒப்படைத்திருந்தது. கனடாவில் வெள்ளையருக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான உறவுதான் நாடகத்தின் பொருள். பல நாட்டு நடிகர்கள் குழுவில் இருந்தார்கள். கனடாவின் பூர்வகுடி நடிகர் ஒருவர்கூட இல்லை. கடிதம் எழுதியவர்கள் நாடகத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. எங்களிடம் வந்து விசாரித்தீர்கள், கேட்டுக்கொண்டீர்கள், ஆனால் வேலை நடக்கும் இடத்தில் எங்களுக்கு இடமில்லையே என்பதுதான் அவர்களுடைய முறையீட்டின் சாரம். மினூஷ்கினும் லெபாஜும் மொன்றியாலில் அவர்களோடு பல மணி நேரம் பேசினார்கள். பேச்சு எதையும் மாற்றவில்லை. பணம் போடுவதாக இருந்த வட அமெரிக்கக் கூட்டாளிகள் விலகினார்கள். நாடகம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் அந்த முடிவு மாறியது. டிசம்பரில் பாரிஸில் நாடகம் அரங்கேறியது, ‘முதல் பகுதி: சர்ச்சை’ என்ற துணைத்தலைப்போடு.

இதே குழு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழ்நாட்டுத் தெருக்கூத்தைத் தன் மேடையில் ஏற்றியிருந்தது. 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த சில வாரங்களில் மினூஷ்கின் புதுச்சேரிக்கு வந்தார். குமரன் வளவன் நடத்தும் ‘இந்தியனோஸ்ட்ரம்’ அரங்கில் பயிற்சிப் பட்டறை நடந்தது; குழுவினரும் வந்து சேர்ந்தார்கள். 2016 நவம்பரில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகம் இந்தத் தங்கலில் முளைத்தது. இந்தியாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சு நாடகக் குழுவை அதன் தலைவர் நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறார். உதவியாளராக இருந்த கொர்னேலியா என்ற பெண், என்ன நாடகம் போடுவது என்று தெரியாமல் ஓர் அறையில் படுத்துக் கனவு காண்கிறாள். அந்தக் கனவுகளுக்குள் பாஞ்சாலி வருகிறாள், கர்ணன் வருகிறான். தெருக்கூத்தின் நடையில், தமிழ்ப் பாட்டோடு. அந்தப் பகுதிகளை நடிகர்களுக்குக் கற்பித்தவர் செய்யாறுக்குப் பக்கத்திலுள்ள புரிசை கிராமத்தின் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிவரும் குடும்பம் அது. அவருடைய தந்தை கண்ணப்பத் தம்பிரான் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையோடு நெருங்கிப் பணியாற்றியவர்.

ஒரே குழு, ஒரே அரங்கு, ஏறத்தாழ அதே நடிகர்கள். ஒன்றில் தமிழ்க் கூத்தைப் பிரெஞ்சுக் குழு ஆடியது. இன்னொன்றில் கனடியப் பூர்வகுடிகளின் துயரத்தை அதே குழு நடித்தது. இரண்டிலும் பிறருடைய முகம்தான் பூசப்பட்டது. ஒன்றை ஏற்கலாம், மற்றொன்றைக் குறை சொல்ல வேண்டும் என்றால் அதற்கு எதை அளவுகோலாகக் கொள்வது? நடிகரின் இனமோ தோல் நிறமோ அளவுகோல் என்றால் இரண்டும் தவறு. கலைஞனின் சுதந்திரம் என்றால் இரண்டும் சரி. இந்த இரண்டு விடைகளும் எனக்குப் போதவில்லை. ஒத்திகையில் ‘இது தவறு, மாற்று’ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, அப்படிச் சொன்னபோது இயக்குநர் அதை மாற்றக் கடமைப்பட்டிருந்தாரா என்பதையே தழுவலின் நியாயத்துக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த அளவுகோலைக் கார் நிக்கோபார் போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வங்கக் கடலுக்கு அப்பால் இருக்கும் அந்தத் தீவு மக்களைத் தேடிப் போகும் அடுத்த இயக்குநர் பாரிஸிலிருந்து வருவதைவிடச் சென்னையிலிருந்து போவதற்கே வாய்ப்பு அதிகம்.

திருத்துவது என்றால் என்ன என்பதைத் தெருக்கூத்தில் ஒரு பாத்திரம் களத்துக்குள் வரும் விதத்தை வைத்துப் பார்க்கலாம். இருவர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதன் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, காலில் சலங்கையோடு வேடக்காரர். முகம் தெரிவதற்கு முன் குரல் வருகிறது. விருத்தம் முடிந்து திரை விலகியதும் கட்டியங்காரன் குறுக்கிடுகிறான்: யார் நீங்கள், எந்த ஊர், என்ன சேதி? வேடக்காரர் தன் பெயரையும் குலத்தையும் பெருமையையும் சொல்லி ஆடுகிறார். அவர் ஒரு வரியைப் பாடி முடிக்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் அவருக்கு மூச்சு, அடுத்த அடவு, கிறுக்கி சுற்றுவதற்கான நேரம். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் இந்த வாங்கலையும் கொடுத்தலையும் கட்டிப்போடுகின்றன. தமிழ் தெரியாத நடிகர் வரிகளை ஒலிப்பதிவு கேட்டு மனப்பாடம் செய்துவிட முடியும். மூச்சை எங்கே விடுவது என்பதை ஒலிப்பதிவு சொல்லித்தராது. அரை மாத்திரை தவறினால் பின்பாட்டு சரியும், தாளம் சரியும், கிரீடம் வைத்த உருவம் வெறும் உடுப்பு மாட்டிய ஆளாகிவிடும். ‘நிறுத்து, திரும்பப் பாடு’ என்று சொல்ல ஒரு வாத்தியார் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த வாத்தியார் சொல்லை இயக்குநரும் கேட்டாக வேண்டும். மினூஷ்கின் எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும், கூத்து நடக்கும் நிமிடங்களில் எது சரி எது பிழை என்ற தீர்ப்பு புரிசையிடம்தான் இருந்தாக வேண்டும். கலையின் இலக்கணமே அப்படி வற்புறுத்துகிறது.

அந்த நாடகத்தில் குறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கதையின் சட்டகம் கொர்னேலியாவின் கனவு. தமிழ்நாடு அவளுடைய அறை சன்னல் வழியாகத் தெரிகிறது. ஐரோப்பிய மனச்சோர்வுக்கு மருந்தாகக் கூத்து வந்து சேர்கிறது. கூத்துப் பகுதிகளைத் திருத்தும் உரிமை புரிசைக்கு இருந்தது. சட்டகத்தைத் திருத்தும் உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. என் அளவுகோலை நான் நேர்மையாகப் பயன்படுத்தினால் அந்த நாடகத்துக்கு முழு மதிப்பெண் தர முடியாது. ‘கனாட்டா’வின் நிலைமையோ வேறு. அங்கே கூத்தைப் போல ஓர் இலக்கணம் தடுத்து நிறுத்தவில்லை. ஒரு மக்களின் காயம்தான் கச்சாப்பொருள். காயத்துக்கு அடவும் தாளமும் கிடையாது என்பதால் யாரும் அதை நடித்துவிடலாம் போலத் தோன்றும். அரங்கேறிய நாடகத்தில், வான்கூவரில் கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களின் முகங்களை வரையும் பிரெஞ்சு ஓவியப் பெண் ஒருத்தி வருகிறாள். வரைய உனக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு ஆளாகிறாள். கடிதம் எழுதியவர்களை ஒத்திகை அறைக்குள் அழைத்திருந்தால் அவர்களுடைய துயரத்தின் நாடகமாக இருந்திருக்கக்கூடியது, அழைக்காததால் கலைஞரின் மனவருத்தத்தைப் பற்றிய நாடகமாகச் சுருங்கியது.

விருந்தாளியாக வந்து நாடகம் செய்யும் மரபு இந்தியாவுக்குப் புதிதல்ல. கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பென்னவிட்ஸ் 1970இல் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பிரெக்ட்டின் ‘மூன்று காசு இசைநாடக’த்தை இந்தியில் இயக்கினார். அடுத்து மும்பையில் விஜயா மேத்தாவோடு சேர்ந்து பிரெக்ட்டின் ‘வெள்ளை வட்ட’த்தை மராத்தியில் செய்தார், அதில் மராத்தி நாட்டார் அரங்கின் பாட்டும் கதைசொல்லலும் வந்தன. மொழியும் மரபும் தெரிந்த ஓர் இந்திய இயக்குநர் சம அதிகாரத்தோடு பக்கத்தில் நின்றதால் அது பிரெக்ட்டின் மேல் போர்த்திய மராத்திச் சால்வையாக நின்றுவிடவில்லை. பின்னர் எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. விஜயா மேத்தா ஜெர்மனிக்குப் போய் ஜெர்மன் நடிகர்களை வைத்து ‘சாகுந்தல’த்தையும் ‘முத்ராராட்சச’த்தையும் இயக்கினார். அங்கே திருத்துபவர் அவர், திருத்தப்படுபவர்கள் ஜெர்மானியர்கள். நம் நாடக வரலாற்றில் போதுமான அளவு பேசப்படாத திருப்பம் என்று இதைக் கருதுகிறேன். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1980களின் பிற்பாதியில் நடந்த இன்னொரு முயற்சியும் இங்கே நினைக்கத்தக்கது. ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிரான்ஸ் சாவர் குரோட்ஸின் ‘வேண்டுகோள் கச்சேரி’யில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு தனிப் பெண், வானொலி கேட்டபடி அன்றாட வேலைகளைச் செய்து முடித்து, அன்றிரவே உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இயக்குநர்கள் மானுவல் லுட்கன்ஹோர்ஸ்ட்டும் ருஸ்தம் பரூச்சாவும் இதை ஆசியாவின் பல நகரங்களில், ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் நடிகையோடு, புதிதாகச் செய்தார்கள். சென்னையில் அந்தப் பெண்ணாக வந்தவர் நடனக் கலைஞர் சந்திரலேகா. வசனமே இல்லாத நாடகத்தில் தழுவுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எல்லாமே இருக்கிறது. சென்னையில் தனியாக வாழும் பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைச் செய்வாள், எப்படி உட்காருவாள், எந்தப் பாட்டு வானொலியில் வரும், அவளால் அப்படிச் சாக முடியுமா என்பதையெல்லாம் விருந்தாளி இயக்குநர் ஊகித்துச் சொல்ல முடியாது. அந்த உடம்பும் அந்த வாழ்க்கையும் உள்ளவர்தான் சொல்ல முடியும். இயக்குநர் பீட்டர் புரூக்கின் ‘மகாபாரத’த்தை மிகக் கூர்மையாக விமர்சித்தவரும் இதே பரூச்சாதான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. 1985இல் அவிஞானுக்கு அருகே ஒரு கல்குவாரியில் ஒன்பது மணி நேரம் ஓடிய அந்த நாடகத்தின் முதன்மை நடிகர்களில் இந்தியர் ஒருவர்தான், பாஞ்சாலியாக நடித்த மல்லிகா சாராபாய்.

ஆனால் மகாபாரதம் அசைக்க முடியாத நூல். புரூக் எப்படி இயக்கினாலும் அடுத்த மாதமே ஒரு பாரதக் கூத்து நம் ஊரில் நடக்கும். திரௌபதியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். சிறிய மக்கள்கூட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புரூக்கே 1975இல் செய்த ‘இக்’ என்ற நாடகம் இதற்குச் சான்று. உகாண்டாவின் மலைப்பகுதியில் வாழும் இக் என்ற சிறு இனத்தைப் பற்றி மானுடவியலாளர் காலின் டர்ன்புல் 1972இல் எழுதிய நூலின் மேடை வடிவம் அது. பஞ்சத்தில் அன்பையும் உறவையும் தொலைத்துவிட்ட மக்களாக அந்நூல் அவர்களைக் காட்டியது. பின்னர் அங்கே போய் ஆராய்ந்த மொழியியலாளர் பெர்ன்ட் ஹைனெ 1985இல் அந்தச் சித்திரத்தைப் பல இடங்களில் மறுத்தார். அதற்குள் பாரிஸிலும் அமெரிக்காவிலும் பார்வையாளர்கள் இக் மக்களைப் பார்த்து முடித்திருந்தார்கள். சில ஆயிரம் பேர் கொண்ட இனம், மேடையில் தன்னைப் பற்றி உலகம் கண்டதை எங்கே போய் மறுக்கும்?

இந்த இடத்தில்தான் கார் நிக்கோபார் வருகிறது. போர்ட் பிளேருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டரில், 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான பவளத் தீவு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 17,841 பேர். சென்னை மாநகராட்சியின் ஒரு சராசரி வார்டில் இதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். மூஸ், மலாக்கா, பெர்க்கா, சவாய், அரோங் என்று பதினைந்து ஊர்கள். ஊர்த்தலைவரைக் ‘கேப்டன்’ என்கிறார்கள். ஊர்களுக்கு மேல் பழங்குடிக் குழுமம் உண்டு. ‘துஹெத்’ என்ற பெருங்குடும்பம்தான் நிலத்துக்கும் தென்னைக்கும் பன்றிக்கும் உரியது. பேசும் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, வெளியார் ‘டிரைபல் பாஸ்’ இல்லாமல் தீவுக்குள் நுழைய முடியாது. ஆக, ஒரு சர்வதேச நாடகத் தங்கல் இங்கே நினைத்த மாத்திரத்தில் நடக்காது.

இங்கே ஆட்டமும் பாட்டும் இல்லாமலில்லை. 1790இல் வெளிவந்த ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியிலேயே கார் நிக்கோபாரைப் பற்றி ஹாமில்டன் என்பவர் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வட்டமாக நின்று ஆடும் ஆட்டத்தை அவர் கண்டு எழுதியிருக்கிறார். இறந்தவர்களின் நினைவாகப் பல ஆண்டுகள் பன்றி வளர்த்துக் காத்திருந்து எடுக்கும் பெருவிழாவில் இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். விழாவுக்கென்று புதிதாகப் பாட்டுக் கட்டிப் பல நாள் பழகுவதும் நிக்கோபார் வழக்கம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளிலிருந்து தெரிகிறது. இந்த வட்டத்துக்கு முன்புறம் கிடையாது. ஆடுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள். பார்வையாளருக்குக் கிடைப்பது முதுகு. இதை அப்படியே எடுத்து ஓர் அரங்க மேடையில் வைக்க நினைக்கும் இயக்குநர் முதல் காரியமாக வட்டத்தைப் பிரித்துப் பிறையாக்க வேண்டும். முகங்கள் விருந்தினர் வரிசையைப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நீள்வதை ஐந்து நிமிடமாக்க வேண்டும். இறந்தவர் பெயர் அதிலிருந்து போய்விடும். மேடை நாகரிகம் என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் இந்த ஒரு திருத்தம் ஆட்டத்தின் காரணத்தையே எடுத்துவிடுகிறது. அதைச் செய்யலாமா, எந்த அளவுக்குச் செய்யலாம் என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் அந்தத் துஹெத்தின் பெரியவர்கள் மட்டுமே.

இந்தத் தீவோடு தமிழர் உறவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது இந்த வாதத்துக்கு வெளியே இல்லை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரைச் சொல்கிறது. மணிமேகலையில் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கும் சாதுவன், அவர்கள் மொழியை அறிந்தவன் என்பதால் உயிர் பிழைக்கிறான். அவர்கள் தலைவனுக்கு அறம் சொல்லித் திருத்தி, பொருளோடு ஊர் திரும்புகிறான். அந்தத் தீவு நக்கவாரம்தான் என்று சிலர் சொல்வது உறுதியான அடையாளம் அல்ல. ஆனால் அந்தக் கதையின் அமைப்பு பழகியது: வருகிறவன் திருத்துகிறான், இருப்பவர்கள் திருந்துகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ்க் கிறிஸ்தவ உபதேசியார் மூஸில் பள்ளி நடத்தினார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் லண்டன் மானுடவியல் இதழில் வந்தன. தீவின் விழாக்களையும் பேயோட்டும் சடங்குகளையும் உடனிருந்து எழுதிய பதிவு என்ற வகையில் அவற்றுக்கு மதிப்பு அதிகம். ஆனால் எழுதுபவரின் நோக்கம் அந்தச் சடங்குகள் ஒருநாள் நிற்க வேண்டும் என்பது. அவருடைய மாணவரான ஜான் ரிச்சர்ட்சனிடம் திசை மாறுகிறது. அவர் அந்த மண்ணின் பிள்ளை, பர்மாவில் படித்துத் திரும்பி, பைபிளைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தார், ஆயரானார், 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினரானார். வெளியிலிருந்து வந்த ஒரு நூலைத் தம் மொழிக்குத் தழுவும் வேலையை நிக்கோபாரியர் ஒருவரே செய்ததால், எந்தச் சொல் பொருந்தும் எது பொருந்தாது என்ற முடிவு தீவுக்குள்ளேயே இருந்தது. கார் நிக்கோபாரின் நவீன வரலாற்றில் நடந்த மிகப் பெரிய தழுவல் இதுதான். அதைச் செய்தவர் விருந்தாளி அல்ல.

நல்ல மனம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26க்குப் பின் நடந்தது பதில். ஆழிப்பேரலை கடலோர ஊர்களை அழித்தது. மலாக்காவும் காக்கனாவும் பேரழிவைக் கண்டன. உதவி மலைபோலக் குவிந்தது. தூண்கள்மேல் நின்ற, கூம்பிய கூரையுள்ள வட்ட வீடுகள் இருந்த சமூகத்துக்குத் தகரக் கொட்டகைகளும், பிறகு வரிசை வரிசையாக ஒரே அச்சு வீடுகளும் வந்தன. பெருங்குடும்பத்துக்கு என்றில்லாமல் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்துக்கு என்று உதவி பிரிக்கப்பட்டபோது துஹெத்தின் கட்டு தளர்ந்ததை, நிக்கோபாரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங் விரிவாக எழுதியிருக்கிறார். கொடுத்தவர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அநேகமாக யாருமில்லை. வரைபடம் போட்ட மேசையில் பெரியவர்களின் சொல்லுக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லாததுதான் குறை. ‘கனாட்டா’ கடிதத்தில் கேட்டதும் அந்த மேசையில் ஓர் இடத்தைத்தான்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதலாவது, நாடகம் என்பதே கடன் வாங்கும் கலை என்பது. பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோது ஆங்கிலேயரிடம் அனுமதி கேட்கவில்லை; மாஸ்கோவில் 1935இல் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்துப் பிரெக்ட் தன் அரங்கக் கோட்பாட்டுக்கு வழி கண்டார். உண்மை. ஆனால் ஷேக்ஸ்பியர் அச்சில் இருக்கிறார், ஆயிரம் மேடைகளில் இருக்கிறார், ஆண்டவர்களின் மொழியில் இருக்கிறார். பம்மலின் அமலாதித்யன் எப்படி இருந்தாலும் ஹாம்லெட்டுக்கு ஒரு கீறலும் விழாது. மெய் லான்ஃபாங் தன் கலையைத் தானே ஆடிக்காட்டினார். மூலம் எல்லாருடைய கைக்கும் எட்டும்போது தழுவல் தானாகவே திருத்தத்துக்கு உட்படுகிறது. மூலத்தைப் பார்க்கவே டிரைபல் பாஸ் வேண்டிய இடத்தில், மேடையில் வரும் தழுவலே உலகுக்கு மூலமாகிவிடும். ஆகவே அளவு சிறுக்கச் சிறுக்கத் தழுவுகிறவரின் கடமை கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் போகமாட்டார்கள். கதவை மூடி ஒரு மக்களை அருங்காட்சியகத்தில் வைப்பதாகாதா? அப்படி ஆகும் என்றால் நான் இந்த வாதத்தையே கைவிடுவேன். ஆனால் கார் நிக்கோபாரியர் தனித்து அடைபட்ட கூட்டமல்ல. நூற்றாண்டுக்கு மேலாகத் தேங்காய் வணிகம், தேவாலயம், பள்ளி, அரசுப் பணி, கால்பந்து வழியாக வெளியுலகோடு கலந்திருப்பவர்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமையை அனுபவித்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் போர்ட் பிளேரிலும் இந்தியப் பெருநிலத்திலும் படிக்கிறார்கள். தேவாலயத்தின் பல குரல் பாட்டை ஏற்றுத் தமதாக்கிக்கொண்ட சமூகம் அது. ஒவ்வொரு விழாவுக்கும் புதுப்பாட்டுக் கட்டும் பழக்கமுள்ளவர்களுக்குப் புதுமையை வெளியிலிருந்து யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1956இன் சட்டம் வெளியார் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துகிறது. அவர்கள் வெளியே போவதைத் தடுக்கவில்லை.

மூன்றாவதாக, திருத்தும் உரிமையைப் பங்கிட்டால் நாடகம் குழுக்கூட்டத் தீர்மானம்போல வழவழத்துப் போகும் என்பார்கள் இயக்குநர்கள். பல நாடகங்கள் அப்படிக் கெட்டதும் உண்டு. ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் திருத்தலாம் என்று நான் சொல்லவில்லை. கூத்தின் மூச்சைப் பற்றிப் புரிசை வாத்தியார் சொல்வதும், மேடை ஒளியைப் பற்றி மினூஷ்கின் சொல்வதும் வெவ்வேறு எல்லைகள். அந்த எல்லைகளை ஒத்திகை தொடங்குமுன் எழுத்தில் வகுத்துக்கொள்ள முடியும்: எந்தச் சடங்கு மேடைக்கு வரக்கூடாது, எந்தப் பாட்டு யாருடையது, ஒளிப்பதிவு யாரிடம் இருக்கும், வருமானம் எப்படிப் பிரியும், வேண்டாம் என்று ஊர் சொன்னால் அந்தக் காட்சி போய்விடுமா. ஆறு வாரத்தில் இதெல்லாம் முடியாது, நிதி தருபவர்கள் காத்திருக்கமாட்டார்கள் என்றால், ஆறு வாரத்துக்கு ஏற்ற சிறிய வேலையைச் செய்ய வேண்டும். அந்த மக்களின் இறந்தவர்களைத் தொடக்கூடாது.

இவ்வளவும் விருந்தாளி உள்ளே போவதைப் பற்றியது. விஜயா மேத்தா ஜெர்மனிக்குப் போன திசையை இப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தங்கல் என்றால் வசதியுள்ள நாட்டு இயக்குநர் வசதியற்ற ஊருக்கு வருவது என்ற பழக்கம் எங்கும் எழுதப்பட்ட விதியல்ல. கார் நிக்கோபாரின் பாட்டுக் கட்டுபவரோ இளம் ஆசிரியரோ சென்னைக்கோ புதுச்சேரிக்கோ விருந்தாளி இயக்குநராக வரட்டும். நம் நடிகர்கள் தோள்மேல் கைபோட்டு அந்த வட்டத்தில் நின்று, அவர் சொல்கிற காலில் அடியெடுத்து வைக்கட்டும்; அவர் ‘நிறுத்து’ என்றால் நிறுத்தட்டும். ஒரு தமிழ் நாடகத்தை அவர் விரும்பினால் தம் மொழிக்கு எடுத்துக்கொண்டு போகட்டும்; எதை விடுவது, எதை மாற்றுவது என்பது அவர் முடிவு. நம்முடையது பிறர் கையில் மாறும்போது எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் அரங்கம் ஒருமுறையாவது அந்தத் திசையிலிருந்து அறிய வேண்டும்.

இதற்குப் புதிய நிறுவனம் எதையும் கட்ட வேண்டியதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைத் துறை இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்துக்குப் போர்ட் பிளேரிலும் ஒரு மையம் இருக்கிறது. கார் நிக்கோபார் பழங்குடிக் குழுமத்துக்கு நிகழ்கலைத் துறையிலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். என்ன நாடகம், யார் வருவது, எத்தனை நாள் என்பதை அவர்களே நிரப்பிக்கொள்ளும்படி அந்தக் கடிதம் இருக்க வேண்டும் என்று அத்துறையின் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.